காண்ட்ராக்ட் வேலைக்குப் போன மகள்

1

இந்த ஜூனோடு நான் சாப்ட்வேர் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. கடைசி நாளன்று மடிக்கணினியையும் அடையாள அட்டையையும் வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் தூறாமல் இருந்தால்தான் செய்தி. டிராமில் ஏறி உட்கார்ந்து, வீட்டுக்குப் போன் செய்யலாமா என்று கைப்பேசியை எடுத்தேன். பிறகு திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தி அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் என் புது வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் மேற்கு ஓரத்திலும் நம் நெய்வேலியைப் போலப் பழுப்பு நிலக்கரி தோண்டுகிறார்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டும் வருகிறார்கள். சுரங்கத்தை ஒட்டிய சிறு நகரம் ஒன்றில், முன்பு ரொட்டிக்கடையாக இருந்த இடத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் நடக்கிறது. வேலை போகிறவர்களும், போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களும் அங்கே வருவார்கள். காலையில் நான் காபி போடுவேன். பிறகு அவர்களோடு உட்காருவேன். பென்ஷன் ஆபீசிலிருந்து வந்த கடிதம் என்ன சொல்கிறது, ஐம்பது வயதில் என்ன பயிற்சியில் சேரலாம், வீட்டில் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று எல்லாவற்றையும் பேசுவோம். நான் கற்ற கணினி வித்தையும் அங்கே பயன்படத்தான் செய்கிறது. ஆனால் காபிக்குத்தான் அதிகத் தேவை.

"இதுக்கா அந்த வேலைய விட்ட?" என்று என்னோடு படித்தவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

2

என் மகள் யாழினியின் பள்ளிச் சுற்றுலாவில்தான் இது தொடங்கியது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தன் பெயரில் உள்ள ழகரத்தை ஜெர்மன்காரர்களுக்கு விட்டுக்கொடுத்து, கடைசியில் தானும் 'யாலினி' ஆகிவிட்டவள். சுரங்கத்தைப் பார்க்க வகுப்பையே அழைத்துப் போனார்கள். பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள இரண்டு பெற்றோர் தேவை என்றதும் நான் கை தூக்கினேன். அதுவரை எந்தப் பள்ளி வேலைக்கும் நான் கை தூக்கியதில்லை. எப்போதும் ஏதாவது ஒரு மீட்டிங் இருக்கும்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே வாசனை வந்துவிட்டது. ஊறிப்போன மரக்கட்டையும் அடுப்புக்கரியும் கலந்த, மழை நின்றபின் நெய்வேலியில் மைன்ஸ் பக்கமிருந்து வரும் அதே வாசனை. பார்வை மேடையில் ஏறி நின்றேன். கீழே பெரும் பள்ளம், படிப்படியாக மண். தூரத்தில் ஒரு பக்கெட் வீல் மிஷின், மண்ணை வாரும் வாளிகள் கோத்த தன் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது. என் அப்பா கலியபெருமாள் ஷிப்டு ஷிப்டாக உட்கார்ந்து ஓட்டிய மிஷினின் அண்ணன் மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு வருடம் இந்த நாட்டில் இருந்து, ஒருமுறைகூட ஊருக்கு வந்துவிட்டதாகத் தோன்றாத எனக்கு, ஒரு குழியின் ஓரத்தில் நின்றபோது அப்படித் தோன்றியது.

ஆசிரியை விளக்கிக்கொண்டிருந்தார். இந்தப் பள்ளத்துக்காக எத்தனையோ ஊர்கள் காலியாகின, தேவாலயங்கள் இடிந்தன, காற்று கெட்டது. பிள்ளைகள் முகம் சுளித்துக் கேட்டார்கள். யாழினி என் அருகில் வந்து, ஜெர்மனில், மெதுவாகச் சொன்னாள். "அம்மா, தாத்தா ஓட்டினது இந்த மிஷின்தான்னு யார்கிட்டயும் சொல்லாதே."

நான் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றிருந்த ஒருவருக்கு அது கேட்டுவிட்டது. வெர்னர் என்று பெயர், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. மேடைக்கு வருகிறவர்களுக்கு மிஷினைப் பற்றிச் சொல்லும் வேலையை அவராகவே எடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பஸ் பக்கம் நகர்ந்ததும் என்னிடம் வந்து, "உங்கள் அப்பா எங்கே வேலை பார்த்தார்?" என்று கேட்டார்.

பெருமையாகச் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில் எனக்கு நாக்குப் புரண்டது. இங்கே நிலக்கரிக்கு 'கோலே' என்பார்கள். கடைசி ஏகாரத்தை விழுங்கிவிட்டால் அது 'கோல்', அதாவது முட்டைக்கோஸ். "என் அப்பா வாழ்நாள் முழுக்கப் பழுப்பு முட்டைக்கோஸ் தோண்டினார்" என்று சொல்லிவிட்டேன்.

வெர்னர் சிரிக்காமல் தலையசைத்தார். "பெரிய தோட்டமாக இருந்திருக்கும்" என்றார். அப்புறம் இருவரும் சேர்ந்து சிரித்தோம். அதே மூச்சில் நான் அழுதும் விட்டேன். அவர், சனிக்கிழமை வந்து ஒரு காபி குடியுங்கள் என்று அந்தப் பழைய ரொட்டிக்கடைக்கு வழி சொன்னார்.

போனேன். அடுத்த சனிக்கிழமையும் போனேன். அலுவலகத்தில் நான் காப்பீட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் காப்பீட்டை வாங்குகிற ஒரு ஆளைக்கூட அதுவரை நேரில் பார்த்ததில்லை. ஒன்றரை வருடம் சனிக்கிழமைகளாகவே ஓடியது. பிறகு தொண்டு நிறுவனத்தில் ஒரு வேலை இருக்கிறது என்றார்கள். சம்பளம் குறைவு. திட்டத்துக்கு நிதி இருக்கும் இரண்டு வருடத்துக்குத்தான் வேலை. என் கணவர் சேகர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "நீ சனிக்கிழமை மட்டும்தான் வீட்டுக்குச் சிரிச்ச முகமா வர்ற. போ" என்றார்.

3

அப்பாவிடம் சொல்வதுதான் மிச்சம்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். வகுப்பில் யாரைக் கேட்டாலும் சொந்த ஊர் வேறு ஏதாவது இருக்கும். திருநெல்வேலி, கோயம்புத்தூர், பாலக்காடு என்று கோடை விடுமுறையில் குவார்ட்டர்ஸ் எல்லாம் காலியாகிவிடும். எங்களுக்கு மட்டும் சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம், டவுன் பஸ் தூரம். அப்பாவின் குடும்பத்துக்கு அங்கே நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களையெடுத்து, அறுத்துக் கொடுத்த குடும்பம். அப்பா முதலில் காண்ட்ராக்டில்தான் மைன்ஸுக்குள் போனார். பல வருடம் கழித்துப் பர்மனென்ட் ஆனார். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. இங்கிலீஷ் மீடியம் கிடைத்தது. வயலில் அவரை அதுவரை 'டேய்' என்று கூப்பிட்டவர்கள் 'என்னப்பா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டில் பர்மனென்ட் என்ற சொல்லைச் சாமி பெயர் மாதிரிதான் சொல்வார்கள்.

வீடியோ காலில் விஷயத்தைச் சொன்னேன். அப்பா முகத்தைப் போனுக்கு மிக அருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூடற சுரங்கமா?"

"ஆமாப்பா. அங்க வேலை போறவங்களுக்காக..."

"பர்மனென்ட்டா?"

"இல்லப்பா. ரெண்டு வருஷம் காண்ட்ராக்ட்."

அப்பா போனிலிருந்து முகத்தை விலக்கிக்கொண்டார். பிறகு சொன்னார். "நான் காண்ட்ராக்ட்ல கெடந்து பர்மனென்ட் ஆனேன். நீ பர்மனென்ட்ட வுட்டுட்டு காண்ட்ராக்ட்டுக்குப் போற. அதுவும் சுரங்கத்த மூடறவங்களோட சேந்துக்கினு. அந்தச் சக்கரம் சுத்தலன்னா நீ இன்னிக்கு எவன் வயல்லயோ குனிஞ்சிக்கினு இருப்ப, தெரியுமா செல்வி?"

"மூடறது நாங்க இல்லப்பா..."

"ஒங்கம்மா பேசணுமாம்" என்று போனைக் கைமாற்றிவிட்டார்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அம்மா மட்டும்தான் பேசினார். பின்னால் டிவி சத்தம் கேட்கும், அப்பா இருமுவது கேட்கும். "அப்பா எங்கம்மா?" என்றால், "இங்கதான் ஒக்காந்துக்கினு இருக்காரு. காது கேக்கலியாம்" என்பார் என் அம்மா அஞ்சலை, அப்பாவின் காதில் விழும்படி.

4

இந்தச் சமயத்தில்தான் நான் ஜெர்மன் குடியுரிமை கேட்டு அந்த ஆபீசுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார் மிக மரியாதையானவர். என் புது வேலை ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல நிரந்தர வேலையில் இருந்தீர்கள். ஏன் இப்படி?" என்று கேட்டார். அப்பாவின் கேள்வியை ஜெர்மனில் கேட்பது வேடிக்கையாக இருந்தது. இன்னும் சில மாதம் போகட்டும், வேலை நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். சரி என்று எழுந்துகொண்டேன்.

வெளியே வந்தபின் யோசித்தேன். இந்திய பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட வேண்டிய நாள் தள்ளிப்போனதில் எனக்கு வருத்தமே இல்லை. இங்கே என்னோடு வேலை பார்க்கிறவர்களுக்கு இது புரியாது. நெய்வேலிக்காரர்களுக்குப் புரியலாம். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். நாம் வைத்த பலாமரம் அங்கேயே காய்த்துக்கொண்டிருக்கும், வேறு யாரோ பறிப்பார்கள். பிறந்த வீட்டுச் சாவி நமக்குக் கிடையாது என்பதை எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அப்படி வளர்ந்தும் ஊர்மேல் உள்ள ஆசை மட்டும் விடவில்லை.

5

அடுத்த ஈஸ்டர் விடுமுறைக்கு யாழினியை மட்டும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பா ரிட்டயர் ஆனதும் நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து என்ற ஊரில் கட்டிய வீடு. முந்திரிப் பழக் காலம். கூடை கூடையாக மஞ்சளும் சிவப்புமாக வாசலில் கிடந்தது. யாழினி ஆசைப்பட்டுக் கடித்துவிட்டு, தொண்டை கரகரத்து அரைநாள் இருமினாள். அப்பா அவளுக்கு உப்புத் தடவித் தின்னக் கற்றுக்கொடுத்தார். என்னிடம், "பயணம்லாம் நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார், தூரத்து உறவினரைக் கேட்பதுபோல.

மூன்றாம் நாள் நால்வரும் ஆட்டோவில் டவுன்ஷிப்பைச் சுற்றிவிட்டு வந்தோம். எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் வாசலில் வேறு குழந்தை சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது. நான் இறங்கவில்லை. திரும்பும் வழியில் மந்தாரக்குப்பத்தில் கரும்புச்சாறு கடை ஒன்றில் நிறுத்தினோம். வேப்பமர நிழலில் பெஞ்சு. ஷிப்டு முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் போனது. ஜன்னலில் இருந்து யாரோ அப்பாவுக்குக் கை காட்டினார்கள். அவரும் எழுந்து நின்று கை காட்டினார்.

அவர் உட்கார்ந்ததும் யாழினி கேட்டாள். அவளுக்குத் தெரிந்த தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து.

"தாத்தா, நீங்க ஊரை உடைச்சீங்களா?"

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் உதறினாள். அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"யாரு பாப்பா சொன்னது?" என்றார் அப்பா.

"ஸ்கூல்ல. அந்த மிஷின் வீடு எல்லாம் சாப்பிட்டுச்சு."

அப்பா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"ஒடச்சேன் பாப்பா" என்றார். "ஒங்க ஆயா பொறந்த ஊரையே நான்தான் தோண்டனேன்."

எனக்கே அது புதுச் செய்தி. அம்மாவின் ஊர் மைன்ஸுக்குள் போனது தெரியும். அப்போது நான் சென்னையில் ஹாஸ்டலில் இருந்தேன். மாமா குடும்பம் வேறு இடம் போய்விட்டது என்று போனில் சொன்னார்கள். அந்த மிஷினில் யார் உட்கார்ந்திருந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"எங்க மிஷின் அந்தப் பக்கமா நவுந்துக்கினு வந்துச்சி" என்றார் அப்பா. "எனக்குக் கையே ஓடல. இன்ஜினியர் சார்கிட்ட சொல்லி வேற பக்கம் மாத்திக்கலாம்னு இருந்தேன். ஒங்க ஆயாதான் வாணாம்னுட்டா."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வூட்டயெல்லாம் பிரிச்சி எடுத்துக்கினு அவங்கல்லாம் போயிட்டாங்க. எங்கம்மாவ எரிச்ச எடம் மட்டும் அங்கியே இருக்குது. அத எங்க தூக்கிக்கினு போறது? எப்டியும் யாரோ ஒருத்தரு தோண்டத்தான போறாங்க. தெரியாத கை எதுக்கு? நீயே மெதுவா எடுன்னு சொன்னேன்."

யாழினி தாத்தாவைப் பார்த்தாள். "மெதுவா எடுத்தீங்களா?"

"அந்த மிஷினுக்கு மெதுவான்னா தெரியாது பாப்பா" என்றார் அப்பா. "ஆனா அன்னிக்கு நான் பூட்ஸக் கழட்டி வச்சிட்டுதான் சீட்ல ஒக்காந்தேன்."

கரும்பு மிஷினின் சலங்கை மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. அம்மா, "இத நீ எங்கிட்டகூட சொன்னதில்லியே" என்றார். அப்பா எழுந்து கடைக்காரருக்குக் காசு கொடுக்கப் போனார்.

ஆட்டோவில் யாழினி என் காதோடு ஜெர்மனில் சொன்னாள், ஆயா சொன்னது பாதி புரியவில்லை என்று. மொழிபெயர்த்தேன். 'தெரியாத கை' என்பதற்கு வார்த்தை கிடைத்தது. ஆனால் அதைச் சொன்னபோது அம்மாவின் குரல் அதில் இல்லை. வேறு மாதிரி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். அவள், "போதும், புரிஞ்சது" என்றாள். எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. வீடு வரும்வரை தாத்தாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா ஏறி வந்தார். கொடியில் படிந்திருந்த அனல்மின் நிலையச் சாம்பலைத் துண்டால் துடைத்துக்கொடுத்துக்கொண்டே, பத்து மாதத்துக்குப் பிறகு என் வேலையைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க மிஷின் நின்னுட்டா, ஓட்டனவங்க என்னா பண்ணுவாங்க?"

"சில பேர் வேற வேலை கத்துக்கறாங்க. சில பேருக்கு முன்கூட்டியே பென்ஷன். சில பேர் வீட்டுல சும்மா உக்காந்துட்டு ஜன்னல் வழியா அந்தப் பக்கமே பாத்துட்டு இருக்காங்கப்பா. அவங்ககூடத்தான் நான் உக்காந்து பேசறேன்."

"அதான் ஒன் வேலையா?"

"அதான்பா."

"அத மொதல்லியே சொல்றதுக்கு என்னா? மூடுவிழா நடத்தறவங்களோட சேந்துட்டன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்." துடைத்த கொடியையே மறுபடி துடைத்தார். "செரி, பர்மனென்ட் ஆளுங்களுக்கு ஏதோ குடுப்பாங்க. காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு?"

வேலைக்கு நேர்காணல் வைத்தபோதுகூட என்னிடம் யாரும் இதைக் கேட்கவில்லை.

"அவங்களுக்குத்தான்பா எதுவும் இல்ல. எங்ககிட்ட அதிகமா வர்றது அவங்கதான்."

அப்பா தலையை ஆட்டினார். தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் மைன்ஸில் காண்ட்ராக்ட். டிபன் பாக்ஸைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு பெண் பிள்ளைகள் யூனிபார்மில் பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டார்கள்.

"இங்கியும் ஒரு நாளு நிக்கும்ல?" என்றார் அப்பா. "அப்ப நீ வருவியா?"

ஜெர்மனில் என்றால் இதற்கு இலக்கண சுத்தமாக ஒரு மழுப்பல் சொல்லியிருப்பேன். "வருவேம்பா" என்றேன். சொன்ன பிறகுதான், அதை நான் எத்தனை ஆசையோடு சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

6

அதற்குப்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாதான் போனை எடுக்கிறார். அம்மாவுக்கு முறை வருவதே இல்லை. எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களின் கதையெல்லாம் அவருக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன், அடையாளம்தான். "அந்த போலந்துப் பொண்ணு என்னா ஆச்சி?" என்பார். சுரங்கத்து கேன்டீனில் காண்ட்ராக்டில் பாத்திரம் கழுவியவர் அந்தப் பெண். கேன்டீன் மூடியதும் முதியோரைப் பராமரிக்கும் பயிற்சியில் சேர்ந்தார். தேர்வில் மொழிப் பாடத்தில் ஒருமுறை தவறி, மறுமுறை தேறினார். அதைச் சொன்ன அன்று அப்பா, எதிர்வீடு வரைக்கும் கேட்கும்படி அம்மாவைக் கூப்பிட்டு, "பாஸாயிட்டுதாம்!" என்று கத்தினார்.

யாழினி அதே யாலினிதான். தமிழ் வகுப்புக்கு அனுப்பினால் தலைவலி வருகிறது. நிலக்கரிக்கு எதிரான ஊர்வலத்துக்கு இந்த வருடமும் போனாள். போகும்முன் என்னிடம், "தாத்தாவுக்குத் தெரிஞ்சா கஷ்டப்படுவாரா?" என்று கேட்டாள். அவரிடமே கேள் என்றேன். கேட்டாள். "வெயிலா இருந்தா தொப்பி போட்டுக்கினு போ பாப்பா" என்றாராம்.

போன மாதம் என் இரண்டு வருட ஒப்பந்தம் முடிய இருந்தது. திட்டத்துக்கு மறுபடி நிதி வருமா என்பது கடைசிவரை தெரியவில்லை. வராவிட்டால் என்ன செய்யலாம் என்று இரவு பகலாகக் கணக்குப் போட்டேன். எல்லாக் கணக்கும் கடைசியில் வடக்குத்து வீட்டுக்கே வந்து நின்றது. சேகர் எங்கிருந்தும் வேலை பார்க்கலாம். யாழினிக்கு... அந்த இடத்தில் கணக்கு நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். அப்பாவிடம் ஒப்பந்தம் முடியப்போகிறது என்பதை மட்டும் சொல்லியிருந்தேன்.

நிதி வந்துவிட்டது. இன்னும் இரண்டு வருடம். அலுவலகத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். வெர்னர் கேக் வாங்கிவந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. மாலையில் ஊருக்குப் போன் செய்தேன்.

"அப்பா, வேலைய நீட்டிச்சிட்டாங்க. இன்னும் ரெண்டு வருஷம்."

"சந்தோசம்மா" என்றார். நிஜமான சந்தோஷம்தான்.   பிறகு தலையைத் திருப்பி மாடிப் பக்கம் பார்த்தார். பின்னால் ஏதோ சுரண்டும் சத்தம் கேட்டது.

"அங்க என்னப்பா சத்தம்?"

"ஒண்ணுமில்ல. மாடி ரூமு இருக்குல்ல, தட்டுமுட்டுச் சாமான் போட்டு வச்சிருந்தமே. நீங்க வந்துருவீங்கன்னு நெனச்சிக்கினு ஒங்கம்மா அதக் காலி பண்ணி, பெயின்ட் அடிக்க ஆளு வச்சிட்டா. பழசச் சொரண்டிக்கினு இருக்காங்க." கொஞ்சம் நிறுத்தி, "வேல பாதியில இருக்குது, நிறுத்த முடியாது" என்றார்.



"என்ன கலருப்பா?" என்று கேட்டேன்.

"நீதான் சொல்லணும்" என்றார் அப்பா.